கார்டா, மெஷினா, ஸ்லைடா? மழைக்காலக் காய்ச்சலுக்கு ஒரு சிறிய ஆய்வகம் எதை வாங்கலாம்

கடலூர் முதுநகரில் சிறிய மருத்துவமனை தொடங்கப்போகும் இளம் மருத்துவர் ஒருவர் ஆவணி மாதத்தில் என்னைத் தேடி வந்தார். மாடிப்படிக்குக் கீழே எட்டுக்குப் பத்து அடியில் ஓர் அறை, அதுதான் ஆய்வகம். கையில் இருக்கும் பணம் கொஞ்சம். ஐப்பசி பிறந்தால் மழை, மழைக்குப் பின்னாலேயே காய்ச்சல். "அண்ணே, எல்லாக் காய்ச்சலுக்கும் இப்போது கார்டு வந்துவிட்டதே. நுண்ணோக்கியும் அதைப் பார்க்க ஓர் ஆளும் எதற்கு?" என்றார். இருபத்தேழு ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன்னால் குனிந்து கழுத்து வலியைச் சம்பாதித்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஆனாலும் நியாயமான கேள்வி. அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. டெங்கு, மலேரியா, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஆளுக்கொரு பெட்டியாக, ரத்தம் விட்டால் கோடு விழுந்து விடை காட்டும் கார்டு வாங்கி அடுக்குவது ஒன்று. ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னொன்று. நுண்ணோக்கி, சாயம், ஸ்லைடு, பார்க்கத் தெரிந்த ஆள் என்பது மூன்றாவது. ரத்தத்தை எடுத்துப் புதுச்சேரியில் உள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திருப்பது நான்காவது.

எது நல்லது என்பது, இந்த ஊருக்கு எந்தக் காய்ச்சல் வருகிறது என்பதைப் பொறுத்தது. கெடிலமும் பெண்ணையாறும் கடலில் கலக்கும் தாழ்வான கரையில் இருக்கிறோம். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் எட்டிப்பார்க்கும். மூடாத தண்ணீர்த் தொட்டி இருக்கும் வரை டெங்கு இருக்கும். வயலிலும் புதரிலும் புழங்குகிறவர்களுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் வரும். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் வட்டாரத்து மருத்துவர்கள் ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் இதை மறப்பதில்லை. மலேரியா உள்ளூரில் குறைந்துவிட்டது. ஆனால் மங்களூர்ப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போய்த் திரும்பும் மீனவரோடும், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து நெய்வேலிக்கும் சிப்காட்டுக்கும் வரும் தொழிலாளரோடும் அது பஸ்ஸிலும் ரயிலிலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் செய்தித்தாள்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் மர்மக் காய்ச்சல். பாதி மர்மம், சரியான பரிசோதனையைச் சரியான நாளில் செய்யாததால் வருவது.

கார்டின் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து இருபது நிமிடத்தில் விடை. பெரிய பயிற்சி தேவையில்லை. டெங்குவின் முதல் ஐந்து நாட்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனைக்கு ஈடாக ஸ்லைடு எதையும் காட்டாது. வைரஸ் நுண்ணோக்கிக்குள் வந்து நிற்கப்போவதில்லை. ஆறாம் நாளுக்கு மேல் என்.எஸ்.1 மங்கிவிடும், நோயை எதிர்த்து உடம்பு முதலில் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்காமலே கார்டில் ரத்தம் விடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஏழாம் நாள் என்.எஸ்.1 இல்லை என்று வந்த அறிக்கையைக் காட்டி "டெங்கு இல்லையாம்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். டெங்குவை உறுதிசெய்ய அரசு எலைசா என்ற பெரிய ஆய்வகச் சோதனையைத்தான் ஏற்கிறது, கார்டை அல்ல என்பதையும் அந்த மருத்துவரிடம் நினைவூட்டினேன்.

மலேரியா கார்டில் வேறு சிக்கல். மலேரியா ஒட்டுண்ணிகளில் ஃபால்சிபாரம் என்ற இனம் உமிழும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத்தான் பெரும்பாலான கார்டுகள் தேடுகின்றன. மருந்து கொடுத்து ஒட்டுண்ணி செத்த பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். ஆகவே குணமாகிவிட்டதா என்ற கேள்விக்குக் கார்டில் விடை கிடையாது. அந்தப் புரதத்தின் மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெருவில் இருப்பதாக 2010-இல் தெரியவந்தது. கார்டில் அந்தப் புரதத்துக்கான கோடு விழாமலே அவை தப்பிவிடும். இவ்வளவுக்கும் பிறகு மலேரியா கார்டு ஒன்றை வைத்திருக்கச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு ஸ்லைடு பார்க்கத் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

டைஃபாய்டுக்குப் பார்க்கும் வைடல் பரிசோதனையைப் பற்றி நிதானமாகப் பேச எனக்கு வராது. 1896-இல் வந்தது அது. டைஃபாய்டு சுற்றித் திரியும் ஊரில் பாதிப் பேர் உடம்பில் அதன் எதிர்ப்பொருள் முன்னமே இருக்கும். ஒரே ஒரு முறை எடுத்த வைடல் அறிக்கையை வைத்து டைஃபாய்டு என்று எழுதி, பதினான்கு நாள் ஊசி போடுவது இன்றும் நடக்கிறது. டைஃபாய்டைச் சந்தேகித்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்த வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். விடை வர மூன்று நாளோ ஐந்து நாளோ ஆகும், ஆகட்டும்.

இனி மெஷின். மூன்று வகை வெள்ளணுக்களைப் பிரித்து எண்ணும் சிறிய மெஷின் இப்போது சிற்றூர்களிலும் இருக்கிறது. இது வேண்டுமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை, வேண்டும். டெங்குவில் உயிரைக் காப்பது தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைவிட, ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்ற கணக்கு. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. அளவு இருபது சதவீதம் ஏறினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். அதை ஒரு நிமிடத்தில் மெஷின் சொல்லிவிடும். ஆனால் நம் மக்கள் கேட்பது தட்டணுவைத்தான். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர், காலை மாலை தட்டணு எண்ணிக்கை என்று வீடே கணக்குப் புத்தகமாகிவிடும்.

அந்தத் தட்டணுவில்தான் மெஷின் வழுக்குகிறது. ஒரு நாள் மாலை. வீட்டுக்காரர் கையில் அறிக்கை, தட்டணு 28,000. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆன பெண்மணி. ரத்தக் கசிவு எங்கும் இல்லை, பசிக்கிறது என்கிறார். புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது, வீட்டார் ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதே குழாயிலிருந்து ஒரு துளியை ஸ்லைடில் மெல்லிதாகப் பரப்பி, ஒரு தடவல் போட்டுப் பார்த்தேன். தடவல் மெலிந்து முடியும் நுனியில் தட்டணுக்கள் திராட்சைக் கொத்துப் போல ஒட்டிக் கிடந்தன. குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஈ.டி.டி.ஏ. சிலர் ரத்தத்தில் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். மெஷின் ஒரு கொத்தைத் தட்டணுவாகவே எண்ணாது. ஈ.டி.டி.ஏ.வுக்குப் பதில் சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, அதிலுள்ள திரவத்துக்காக 1.1-ஆல் பெருக்கினால் 1,90,000. ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்த அம்மாள் தோசை சாப்பிடப் போனார். மெஷினைக் குறை சொல்ல முடியாது. கொத்து இருக்கலாம் என்று அது எச்சரிக்கைக் குறி போட்டிருந்தது; அச்சிட்ட தாளில் அந்த மூலையை யாரும் படிக்கவில்லை.

இப்போது ஸ்லைடு. சுகாதார ஆய்வாளர் வீட்டு வாசலுக்கு வந்து விரல் நுனியில் குத்தி எடுப்பாரே, அதேதான். சொல்லப்போனால் மிக எளிய வேலை. அதனால்தான் மிக மோசமாகச் செய்யப்படுகிறது. ஒரு ஸ்லைடில் இரண்டு விதமாக ரத்தம் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்று துளியைச் சேர்த்துப் பொட்டு அளவுக்கு வட்டமாகப் பரப்பிய தடித்த தடவல். அதன் அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். மறுபக்கம் ஒரே துளி. இன்னொரு ஸ்லைடின் விளிம்பைச் சாய்த்துத் தொட்டு, துளி விளிம்பு நெடுக ஓடிய கணம் ஒரே இழுப்பில் முன்னே தள்ளினால் நாக்கு வடிவில் மெல்லிய தடவல் விழும். தயங்கினால் அலை அலையாகும். அழுத்தினால் வெள்ளணுக்கள் எல்லாம் நுனிக்கு ஓடிவிடும். தோசைக்கல்லில் மாவை இழுக்கிற கைதான் இதற்கும். என்னிடம் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் பையன்களைவிடச் சீக்கிரம் கற்றதற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

தடித்ததில் ரத்தம் அதிகம், ஆகவே ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேட அது. மெல்லியதில் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாகப் படுத்திருக்கும், ஆகவே இருப்பது எந்த இனம் என்று சொல்ல இது. மெல்லியதை மெத்தனாலில் பதப்படுத்த வேண்டும். தடித்ததில் மெத்தனால் பட்டால் சிவப்பணுக்கள் கரையாமல் நின்று எதுவும் தெரியாமல் போய்விடும். அரசு மலேரியாத் திட்டத்தில் காலங்காலமாகப் புழங்கும் ஜே.எஸ்.பி. சாயம், ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இருவர் 1944-இல் நம் நாட்டிலேயே உருவாக்கியது. விலை மலிவு, வேகம் அதிகம். அணுக்களின் உட்பகுதியைப் பார்க்க எனக்கு லீஷ்மன் சாயமோ கீம்சா சாயமோ வேண்டும்.

கடற்கரை ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. போர்த் தண்ணீரில் சாயம் கலந்தால் தடவல் முழுக்க நீலம் பாயும், அமில காரத் தன்மையை (பி.எச்.) 7.2-இல் நிறுத்தும் மாத்திரையை வாலைவடிநீரில் கரைத்துக்கொண்டால் வெள்ளணு தன் நிறத்தோடு எழுந்து நிற்கும். மழை நாளில் தடவல் காய நேரம் எடுக்கும். காய்வதற்குள் ஈயும் கரப்பானும் வந்து ரத்தத்தைத் தின்றுவிட்டுப் போகும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, காலையில் வந்து பார்த்தால் ஸ்லைடில் வெறும் கடித்த தடங்கள் இருக்கும். எல்லாவற்றையும்விட மெத்தனால். காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த மெத்தனாலில் பதப்படுத்தினால் சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று குமிழ்கள் தோன்றும். புதியவர் அதைப் பார்த்து ஏதோ புதுக் கிருமி என்று நினைப்பார்.

இப்படிப் பொய்யாகத் தோன்றுவதைக் கண்டு நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. சிவப்பணுவின் மேல் ஒரு தட்டணு உட்கார்ந்திருந்தது. நீல வளையம், நடுவே ஊதாப் புள்ளி. வைவாக்ஸ் மலேரியா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மூத்த நோய்க்குறியியல் மருத்துவர் என்னை உட்கார வைத்து, "நுண்திருகை லேசாகத் திருப்பு" என்றார். திருப்பினேன். சிவப்பணு மங்கும்போது அந்த 'ஒட்டுண்ணி' தெளிவாகியது; அது அணுவுக்குள் இல்லை, மேலே இருந்தது. அதற்குள் முதல் நாள் குளோரோகுயின் நோயாளியின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஸ்லைடின் பெரிய பலவீனம் இதுதான்: பார்க்கிறவர் எவ்வளவோ, அவ்வளவுதான் அது.

பலம் எங்கே? நெய்வேலிப் பக்கம் வெல்டிங் வேலை பார்த்த ஒடிசா இளைஞர் ஒருவர், நான்கு நாள் காய்ச்சல், தட்டணு 42,000. என்.எஸ்.1 இல்லை. "டெங்குதான், கார்டு தவறவிட்டிருக்கும்" என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டணு குறைந்தாலே டெங்கு என்று மனம் பழகிவிட்டது. மலேரியாவிலும் தட்டணு சரியும் என்பது மறந்துபோகிறது. மெல்லிய தடவலில் மூன்றாவது பார்வைக் களத்திலேயே கண்டேன். நூல் போன்ற சின்ன வளையங்கள், ஒரே சிவப்பணுவில் இரண்டு, ஒன்று விளிம்போடு ஒட்டிக்கொண்டு. அணு பெரிதாகவில்லை. ஃபால்சிபாரம். தடித்த தடவலில் 200 வெள்ளணுக்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை ஒட்டுண்ணி வருகிறது என்று எண்ணி, ரத்தத்தில் மைக்ரோ லிட்டருக்கு 8,000 வெள்ளணு என்ற வழக்கமான கணக்கால் பெருக்கி, 200-ஆல் வகுத்து ஒட்டுண்ணிச் சுமையையும் எழுதிக்கொடுத்தேன். மலேரியா கார்டும் இதைப் பிடித்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்டைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கார்டு கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். ஸ்லைடு கேட்காததையும் சொல்லும்.

இன்னொரு முறை இரவுப் பணியில், பதினொன்றரை மணிக்கு எடுத்த ரத்தத்தில், தடவலின் நுனியில் உறை போர்த்திய யானைக்கால் நோய்ப் புழு ஒன்று நெளிந்த வாக்கில் கிடந்தது. வந்த காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரவில் மட்டும் மேல் ரத்தத்துக்கு வரும் புழு. அதனால்தான் யானைக்கால் கணக்கெடுப்புக்கு இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்கிறார்கள். 1975-இல் தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் இந்தப் புழுவை ஒழிக்க நெடுங்காலம் உழைத்த இடம்.

மறக்க முடியாதது ஒன்பது வயதுப் பையனுடையது. காய்ச்சல், தட்டணு குறைவு, கால் வலி. டெங்கு என்று இரண்டு இடங்களில் பார்த்தாகிவிட்டது. மெஷின் வெள்ளணுக்களில் பெரும்பகுதியை லிம்போசைட் என்ற சாதாரண வகை என்று போட்டிருந்தது. தடவலில் அவை லிம்போசைட்டாக இல்லை. பெரிய உட்கரு, அதற்குள் வெளிறிய சிறு உருண்டை, சுற்றிலும் கீற்றளவு நீலம். முதிராத அணுக்கள், ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். அறிக்கையைத் தட்டச்சுக்கு அனுப்பாமல் படியேறிப்போய் மருத்துவரிடமே சொன்னேன். அன்று மாலையே பையனைக் கோரிமேட்டுக்கு, ஜிப்மருக்கு அனுப்பினார்கள்.

பாக்டீரியாத் தொற்றா, வைரஸா என்ற ஊகத்துக்கும் ஸ்லைடு உதவும். நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்களுக்குள் கரிய மணிகளும் ஓட்டைகளும் தெரிந்து, வளைந்த இளம் அணுக்கள் கூடியிருந்தால், ரத்த வளர்ப்புக்கு அனுப்பாமல் மருந்தைத் தொடங்காதீர்கள் என்று குறிப்பு எழுதுவேன். டெங்குவில் நீலம் பாரித்த பெரிய லிம்போசைட்கள் பக்கத்துச் சிவப்பணுக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். தட்டணுவையும் கண்ணாலேயே மதிப்பிடலாம்: ஸ்லைடில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் ஆயில் லென்ஸில் ஒரு களத்துக்குச் சராசரியாகப் பத்து என்றால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம்.

ஸ்லைடு கைவிரிக்கும் இடங்களும் உண்டு. எலிக்காய்ச்சலில் அது எதையும் உறுதியாகச் சொல்லாது. எதிர்ப்பொருள் சோதனைதான் வழி. டைஃபாய்டில் இயோசினோஃபில் வகை வெள்ளணு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால் ஒரு சந்தேகம் எழும், அவ்வளவே. ஸ்க்ரப் டைஃபஸில் நுண்ணோக்கியைவிட மருத்துவரின் வெறும் கண் பெரிது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தால் பரிசோதனையே இல்லாமல் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்கலாம். கூச்சத்தால் யாரும் பார்ப்பதில்லை. ஐ.ஜி.எம். முதல் வாரக் கடைசியில்தான் ஏறும், அதுவரை காத்திருக்கக்கூடாது.

நான்காவது வழியை, வெளியே அனுப்புவதை, நான் ஒதுக்கவில்லை. எலைசா, வளர்ப்புச் சோதனை, பி.சி.ஆர். எல்லாம் எட்டுக்குப் பத்து அறையில் நடக்கிற காரியமல்ல. ஆனால் காலையில் எடுத்த ரத்தம் ஈ.டி.டி.ஏ. குழாயில் வெயிலில் பைக்கில் போய், மாலையில் தடவலாகும்போது வெள்ளணுக்கள் ஊதி உடைந்திருக்கும். மலேரியா ஒட்டுண்ணியின் உருவமும் குலைந்திருக்கும். ஆகவே அனுப்புகிறவர்கள் நோயாளி பக்கத்திலேயே இரண்டு ஸ்லைடு போட்டு, காய வைத்து, பென்சிலால் பெயரெழுதிக் குழாயோடு சேர்த்து அனுப்புங்கள்.

கடைசியில் மருத்துவருக்கு நான் சொன்ன கணக்கு இது. சிறிய மெஷின் ஒன்று. நல்ல ஆயில் லென்ஸ் உள்ள இருகண் நுண்ணோக்கி, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. கார்டில் டெங்குவுக்கு ஒன்று, மலேரியாவுக்கு ஒன்று, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வைடல் வேண்டாம். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப், வளர்ப்பு மூன்றும் வெளியே. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலும், மெஷின் எச்சரிக்கைக் குறி போட்டாலும், வெளியூர் போய் வந்தவராக இருந்தாலும் ஸ்லைடு கட்டாயம். மலேரியாச் சந்தேகத்தில் முதல் ஸ்லைடில் எதுவும் இல்லையென்றால் பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு. தடித்த தடவலில் குறைந்தது நூறு களங்கள் பார்க்காமல் இல்லை என்று எழுதக்கூடாது. பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டால், முதல் ஆறு மாதம் நீங்களே போடும் ஸ்லைடுகளை வாரம் ஒருமுறை நான் வந்து பார்க்கிறேன் என்றேன். "டீ வாங்கித் தருகிறேன், அண்ணே" என்றார்.

மெத்தனாலை நூறு மில்லி பாட்டில்களாக வாங்கச் சொல்லியிருந்தேன். மலிவு என்று இரண்டரை லிட்டர் வாங்கிவிட்டார். போன வாரம் அடைமழையில் போன் வந்தது. "அண்ணே, மூன்று நோயாளிகளின் சிவப்பணுக்களிலும் ஏதோ பளபளக்கிறது. மூவரும் தேவனாம்பட்டினம். புதிதாக ஏதாவது கிளம்பியிருக்குமோ?"

"பாட்டிலை எப்போது திறந்தீர்கள், டாக்டர்?"

"ஆயுத பூஜை அன்று."